டீசல் தீர்ந்த இடம்

குறும்பனை. ஒன்பதாம் திருவிழா.
தேர் கிளம்ப இன்னும் மூணு மணி நேரம்.
கொடிமரத்திலிருந்து கடல்சுவர் வரைக்கும் ஃப்ளெக்ஸ்:
'ஒரிஜினல் லாரன்ஸ் சிலுவைமணி இசைக்குழு.'
போன மாதம் புதுக்கடைக்கு வந்தது
'சிலுவைமணியின் நேரடி வாரிசுகள்.'
தக்கலைக்காரர்கள் வைத்திருப்பது 'சிலுவைமணி லைவ்.'
மனுஷன் செத்துப் பதினோரு வருஷம்.
இப்போதுதான் அவருக்குத் தேதி கிடைப்பதில்லை.

நான் சவுண்டு சர்வீஸ்.
ஸ்டெல்லஸ் ஆடியோஸ், திங்கள்சந்தை.
மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கம்,
ஒரு கால் வெடித்த பிளாஸ்டிக் நாற்காலி என் இடம்.
அங்கிருந்து பாடுகிறவரின் முதுகு மட்டும் தெரியும்.
இருபத்து மூணு வருஷம் நான் பார்த்தது
சிலுவைமணியின் முதுகு.
வேர்வை முதலில் இடது தோளில் இறங்கும்.

இன்றைக்கு நிற்கிற முதுகு
உலர்ந்திருக்கிறது.
பையன் பெயர் அபினேஷ், மார்த்தாண்டம்.
அதே வெள்ளை சில்க் சட்டை,
அதே தங்க ஃபிரேம் கண்ணாடி, பவர் மட்டும் கிடையாது.
அக்கார்டியனைக் கழுத்தில் மாட்டியிருக்கிறான்,
சத்தம் கீபோர்டிலிருந்து வருகிறது.
கேபிள் குத்தினவன் நான், எனக்குத் தெரியாதா.

குரல் இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது.
சுருதி ஓரிடத்திலும் விலகவில்லை.
அதுதான் எனக்கு ஒட்டவில்லை.
சிலுவைமணி மேலே போகும்போது
பாசிப் பாறையில் கால் வைத்தவன் மாதிரி
ஒரு சறுக்குச் சறுக்குவார்,
எதையோ பிடித்து, சிரித்துக்கொண்டே ஏறுவார்.
நேற்றுப் பிடித்ததை இன்று பிடிக்க மாட்டார்.

பிறகு அந்தப் பாட்டு.
இரண்டாம் சரணம், 'சிப்பி திறந்தால்' என்ற இடத்தில்
பையன் சட்டென்று நிறுத்தினான்.
குழு முழுக்க நின்றது.
விளக்கை அணைத்தார்கள். அதற்கென்று ஒரு ஆள்.
அவன் இருமினான், இரண்டு தடவை.
'யாரும் தீப்பெட்டி வச்சிருக்கியளா மக்கா?'
கூட்டம் எழுந்துவிட்டது. விசில். செல்போன் வெளிச்சம்.
கேசட்டை மனப்பாடம் செய்த பிள்ளைகள்
சேர்ந்து எண்ணினார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு.
பதினாலில் விளக்கு வந்தது.
பதினாலில் எட்டு பாக்ஸும் அதிரப் பாட்டு வந்தது.

அந்தக் கேசட், தொண்ணூற்று ரெண்டு, இனயம்.
அணைந்தது என் ஜெனரேட்டர்.
டீசலுக்குத் தந்த காசில்
கருங்கலில் பொரோட்டாவும் பீஃபும் தின்றுவிட்டு
பாதிக் கேனோடு வந்தவன் நான்.
இருமல், என் புகை.
பதினாலு எண்ணுகிற நேரம் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
அந்த ஒரு தடவைதான் மேடையில் அவர் முகம் பார்த்தேன்.
பிறகு மைக்கைக் கையால் ஒதுக்கிவிட்டு
அக்கார்டியனை விரித்தார்.
அதற்குக் கரண்ட் வேண்டாமே.

முன்வரிசையில் யாரோ பேட்டரி போட்டுப் பிடித்த டேப் அது.
அந்த இடத்துக்கு அப்புறம் குரல் சின்னதாகிவிடும்,
அலை பெரிதாகிவிடும்.
பிள்ளையின் வாயை ஒரு தாய் பொத்துவது கேட்கும்.
இருட்டில் ஒரு ஊரே
காதை முன்னால் நீட்டி உட்கார்ந்திருப்பது கேட்கும்.
அதை இந்தக் குழு எடுக்கவில்லை.
எடுத்து என்ன செய்ய?
எட்டு பாக்ஸுக்கு வாடகை கொடுத்திருக்கிறார்கள்.

கச்சேரி முடிந்து பையன் வந்தான்.
'அண்ணாச்சி, அவரு கூட இருந்தவராமே.
அவரு பாடின மைக் எதாவது கிடக்குமா?'
கிடக்கு என்றேன்.
வேனில் ஏறி, பழைய பெட்டியைக் குடைந்து,
நாலு வருஷம் முன்னால் நாகர்கோவிலில்
செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெள்ளி மைக்கை
வேட்டித் துணியில் துடைத்துக் கொடுத்தேன்.
நாலாயிரம்.
அவன் முத்தம் வைத்தான்.
கண் கலங்கியது. அவனுக்குத்தான்.

டீசல் கதையை மட்டும் சொல்லவில்லை.
சொன்னால்
அடுத்த திருவிழாவுக்கு மேடையில் ஒருத்தன்
பாதிக் கேனைத் தூக்கிக்கொண்டு வருவான்,
என் பெயரில்.